தண்ணி போக வழி

எழுபது தாண்டியவருக்குத் துணையாள் கட்டாயம்
என்றார்கள் டிராவல்ஸில்.
அம்மா மேட்டுப்பாளையம் ரயிலிலேயே
ஒவ்வொரு பாலத்துக்கும் கண்ணை மூடுகிறவள்.
ஆகவே எட்டு வருஷமாகக் கோயில் படி மிதிக்காத நான்
பரிசுத்த நாட்டுக்குப் போனேன்,
இரண்டு மாத்திரை டப்பாக்களும்
அப்பாவின் குரங்குக் குல்லாவுமாக.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் கொத்தனார்.
குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்த இடங்களில்
அருமைநாயகம் கட்டிய சுவர் ஒன்றாவது நிற்கும்.
பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் ஜன்னலைத் தட்டிச் சொல்வார்:
இது தொண்ணூத்தி மூணு மழை.
இது உனக்கு அம்மை போட்டப்போ.
இதுக்குச் சிமெண்டு பத்தல, ஆனாலும் பாரேன்.

எரிகோவில் போதகர் வேதத்தைத் திறந்தார்.
ஏழு நாள். எக்காளம். ஆர்ப்பரிப்பு.
நாற்பத்திரண்டு பேர் அல்லேலூயா சொன்னோம்,
நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.
அப்பா தோண்டிய குழிக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார்.
பிறகு என் காதோரம்:
"தண்ணி போக ஓட்டையே விடல.
சுவரு சத்தத்துக்கா விழும் பாப்பா?
பின்னால தேங்கி நிக்கும்ல, அது தள்ளும்."
வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது.
போதகருக்குத் தெரியும்.

எருசலேமில்
எல்லோரும் நெற்றி முட்டி நிற்கிற சுவரை
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்,
பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி.
"பூச்சே இல்ல. கனத்துலயே நிக்குது."
இடுக்குகளில் திணித்திருந்த காகிதங்கள்தான் பிடிக்கவில்லை.
எறும்பு ஏறும் என்றார்.
கொஞ்சம் கழித்துப் பேனா கேட்டார்.
சாப்பாட்டுப் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார்,
இரண்டு பக்கமும்.

யோர்தான் எனக்கு ஏமாற்றம்.
அவருக்கும்தான். "நம்ம பர்லியாறு இதைவிடப் பெருசு."
சொல்லிவிட்டு வாடகை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார்.
போதகர் அம்மா என் தோளைத் தொட்டாள்,
"நீயும் இறங்கேம்மா, மறுபடி ஒரு தரம்."
என்ன சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்கையில்
அப்பா குறுக்கே வந்தார்.
செருப்பை என் ஒரு கையிலும்
கழற்றிய பல்செட்டை மறு கையிலும் வைத்தார்.
"இதைப் பிழிக்க ஆழ் வேணும்ல."
பல் இல்லாத வாயோடு போய்
மூன்று முறை முழுகி எழுந்தார்.
கரையில் நான்,
என் கையில் அவர் சிரிப்பு.

இப்போது ஏப்ரல்.
வண்டிச்சோலையில் குழாய்த் தண்ணீர்
பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை.
குடம், அண்டா, மாம்பழ ஜூஸ் பாட்டில்,
மூடி உள்ளது எல்லாவற்றிலும் பிடித்து வைத்திருக்கிறோம்.
காலை டீயை அம்மாதான் முதலில் உறிஞ்சினாள்.
"ஒரு மாதிரி இருக்கே."
அப்பா அலமாரியைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
ஈரத்தில் உரிந்த லேபிள்
அடுப்பு மேடையில் குப்புறக் கிடந்தது.
சபையில் பதினோரு வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்,
ஆளுக்கொரு மூடி தருவதாக.

"கொதிக்க வச்சியா?"
"ரெண்டு தரம்."
"நீயும் குடிச்சியா?"
டம்ளரைச் சாய்த்துக் காட்டினேன்.
அடியில் தூள் மட்டும்.

"ம்" என்றார்.
காலி பாட்டிலைக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்து,
திரும்ப அதே இடத்தில் வைத்தார்.
கோடை மழைக்கு முன்னால்
பின்சுவர் ஓட்டைகளில் அடைந்த மண்ணைக்
குத்தி எடுக்க வேண்டும் என்று
கம்பியைத் தேடிக்கொண்டு மூடுபனிக்குள் போய்விட்டார்.

ஞானப்பூ அம்மாள் டம்ளரை நீட்டினாள்.
"இன்னும் அரை ஊத்து."